ஆசிரியரின் புதிய முயற்சி பள்ளியில் வேரூன்ற: தலைமையாசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கற்பித்தலை மாற்றுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பயிற்சி, கருவி, நிதி ஆகிய மூன்றுமே முதலில் பேசப்படுகின்றன. மூன்றும் தேவைதான். ஆனால் ஒரே பயிற்சிக்குச் சென்று வந்த ஆசிரியர்களும் ஒரே வகையான உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் உள்ள இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் செய்து பார்த்துக் கற்கும் பாடமாக நடப்பதையும், மற்றொன்றில் அதே பாடம் வினா விடைத் தொகுப்பாகச் சுருங்கிவிட்டதையும் காண முடிகிறது. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் எண்ணமே தோன்றாத ஆசிரியர் அரிது. அந்த எண்ணத்தை வகுப்பறைக்குள் கொண்டுசெல்லத் துணிவும் நேரமும் கிடைக்காத ஆசிரியரே மிகுதி. அந்த இரண்டையும் பள்ளிக்குள் வழங்கக்கூடிய இடத்தில் இருப்பவர் தலைமையாசிரியர். ஆகவே இந்த வழிகாட்டி அவரை நோக்கியே எழுதப்படுகிறது. உதவித் தலைமையாசிரியர்களும் மூத்த பாட ஆசிரியர்களும் தங்களுக்குப் பொருந்தும் பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் மூன்று ஆய்வுக் கருத்துகளைத் தெரிந்துகொள்வது பயன்தரும்.

முதலாவது, தலைமை பற்றியது. 1978இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மக்கிரிகர் பர்ன்ஸ் தொடங்கி 1985இல் உளவியலாளர் பெர்னார்டு பாஸ் விரிவாக்கிய உருமாற்றத் தலைமை என்னும் கருத்து, முன்மாதிரியாக நடத்தல், நோக்கத்தை உணர்த்தல், சிந்தனையைத் தூண்டல், ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்தல் ஆகிய நான்கையும் தலைவரின் பண்புகளாக முன்வைத்தது. பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு, 2008இல் நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு தெளிவான விடை ஒன்றைத் தந்தது. கற்பித்தலை நேரடியாகக் கவனிக்கும் தலைமை, பொதுவான உருமாற்றத் தலைமையைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு அதிகமாக மாணவர் கற்றலைப் பாதிப்பதாக அவர்கள் கண்டார்கள். அதிலும், ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் நிகழ்வுகளில் தலைமையாசிரியரும் ஒருவராக அமர்ந்து கற்பதே மிக வலுவான கூறாக இருந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆற்றும் எழுச்சியுரையைவிட, வியாழக்கிழமை நான்காம் பாடவேளையில் கணித ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஒரு கணக்கைப் பற்றி விவாதிப்பது அதிக வேலை செய்கிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இரண்டாவது, ஊக்கம் பற்றியது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய இரு உளவியலாளர்களும் மனிதர் தாமாக முனைந்து செயல்பட மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார்கள்: தானே தெரிவுசெய்யும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன்னை மதிக்கும் உறவுகள். இந்த மூன்றில் ஒன்றைப் பறித்துவிட்டு மற்ற இரண்டையும் அள்ளிக் கொடுத்தாலும் பயன் குறைவு.

மூன்றாவது, புதிய முயற்சி எப்படி நகர்கிறது என்பது. பணியிடப் புதுமை குறித்து 2000இல் எழுதிய நெதர்லாந்து ஆய்வாளர் ஒன்னே யான்சன் அதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: எண்ணம் பிறத்தல், அதற்கு ஆதரவு திரட்டல், அதை நடைமுறையாக்கல். நம் பள்ளிகளில் பெரும்பாலான முயற்சிகள் இரண்டாம் கட்டத்தில்தான் நின்றுபோகின்றன. ஆசிரியர் அறையில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, “எதுக்கு சார் இந்த வம்பு?” என்ற பதிலைக் கேட்டு, எண்ணம் அங்கேயே மடிந்துவிடுகிறது. கீழே வரும் படிகள் யாவும் பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தைக் கடப்பதற்கானவை.

படி 1: தடை எங்கே இருக்கிறது என்று கேட்டறியுங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் மூன்று வாரங்களுக்குள், ஒவ்வோர் ஆசிரியரிடமும் தனித்தனியாகக் கால் மணி நேரம் பேசுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் அவரும் அமர்ந்தால் அது விசாரணையாகிவிடும். ஆய்வகத்திலோ நூலகத்திலோ அவருடைய வகுப்பறையிலோ பேசுவது நல்லது. கேள்விகள் எளிமையாக இருக்கட்டும். உங்கள் பாடத்தில் மாணவர்கள் ஆண்டுதோறும் இடறும் இடம் எது? அதை வேறு விதமாக நடத்திப் பார்க்க நினைத்ததுண்டா? நினைத்தும் செய்யாமல் விட்டதற்கு என்ன காரணம்? மூன்றாம் கேள்விக்கான விடையே உங்களுக்கு வேண்டியது.

விடைகள் பெரும்பாலும் பயம், நேரமின்மை, துணைக்கு ஆளின்மை என்ற மூன்றில் அடங்கும். ஆனால் நான்காவதாக ஒன்றும் வரும். அதைத் தலைமையாசிரியர்கள் பலர் செவிமடுப்பதில்லை. தேர்வுநிலை ஊதியத்துக்கான கருத்துரு மாதக்கணக்கில் அனுப்பப்படாமல் கிடக்கிறது, பணிப்பதிவேட்டில் பதிவு விடுபட்டிருக்கிறது, ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் சரண் பட்டியல் இன்னும் கருவூலத்துக்குப் போகவில்லை, பெண் ஆசிரியர்களின் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்பன போன்ற குறைகள் அவை. இத்தகைய புறச்சூழல் குறைகளை நீக்குவதால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. ஆனால் அவை நீங்காதவரை ஊக்கத்துக்கு இடமே இருக்காது என்று அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே காட்டியிருக்கிறார். அலுவலகத்தில் கிடக்கும் கோப்புகளை முதலில் நகர்த்துங்கள். தனக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக் கேட்டு அலையும் ஆசிரியரிடம் புதிய கற்பித்தல் முறை பற்றிப் பேசுவது முறையுமாகாது.

படி 2: தேர்ச்சி விழுக்காட்டின் சுமையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்

இதுவே எல்லாப் படிகளிலும் கடினமானது, முதன்மையானது. 2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. மாணவர்களைப் பொறுத்தவரை அது பெரிய விடுதலை. ஆனால் பள்ளிவாரியாகவும் பாடவாரியாகவும் தேர்ச்சி விழுக்காடு கணக்கிடப்பட்டு ஆய்வுக் கூட்டத்தில் வாசிக்கப்படுவது நின்றுவிடவில்லை. குறைந்த விழுக்காட்டுக்கு விளக்கம் கேட்கப்படும் என்று தெரிந்த பத்தாம் வகுப்பு ஆசிரியர், ஒரு மதிப்பெண் வினாக்களையும் தேர்ச்சிக்குப் போதுமானதை மட்டும் தொகுத்த குறைந்தபட்சக் கற்றல் கையேட்டையும் விட்டு விலக மறுப்பது பிடிவாதம் ஆகாது. அவர் நிலையில் அது பகுத்தறிவான முடிவு. 35 மதிப்பெண்ணின் விளிம்பில் நிற்கும் மாணவரைக் கரையேற்றும் பொறுப்பு அவர் தலைமீது இருக்கும்போது, “தைரியமாகப் புதிதாகச் செய்யுங்கள்” என்று வெறும் வாயால் சொல்வது அவரைக் கேலி செய்வதற்குச் சமம்.

ஆமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாகச் செயல்படும் குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டார். அந்தக் குழுக்களில் தவறைப் பேச அச்சமில்லை. மற்றவற்றில் தவறுகள் மறைக்கப்பட்டன. 1999இல் அவர் விரிவாக எழுதிய இந்த உளப் பாதுகாப்பு, பள்ளியில் தானாக உருவாவதில்லை. தலைமையாசிரியர் எழுத்தில் தர வேண்டும்.

அதற்கு ஒரு பக்க அளவில் ஓர் உடன்பாடு போதும். எந்த வகுப்பு, எந்தப் பாட அலகு, எத்தனை வாரம், என்ன மாற்றம் என்பவற்றோடு, “இந்த அலகில் வரும் தேர்வு முடிவு ஆசிரியருக்கு எதிராகப் பயன்படுத்தப்படாது, இம்முயற்சி என் ஒப்புதலோடு நடைபெறுகிறது” என்ற வரியும் உங்கள் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது, பாடக் குறிப்பேடு வழக்கமான வடிவில் இல்லையே என்று கேட்டால், அந்தத் தாளை எடுத்துக்காட்டிப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆசிரியரை முன்னே தள்ளிவிட்டு நீங்கள் பின்னே நின்றால், அந்தப் பள்ளியில் அதன்பின் யாரும் எதையும் முயலமாட்டார்கள். அந்தச் செய்தி ஒரே மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை முழுவதும் பரவிவிடும்.

வகுப்பைத் தேர்வதிலும் அறிவு வேண்டும். ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளில் பொதுத்தேர்வு இல்லை. முதல் முயற்சிகள் அங்கே நடக்கட்டும். 2017-18 முதல் பொதுத்தேர்வுக்கு உட்பட்டிருந்த பதினோராம் வகுப்பு, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையால் அதிலிருந்து விடுபட்டிருப்பது மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கிடைத்த அரிய இடைவெளி. அதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கப் பயன்படுத்திவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் முயல விரும்பும் ஆசிரியரையும் தடுக்கத் தேவையில்லை. காலாண்டுத் தேர்வுக்கு முன்னுள்ள மாதங்களில் ஓர் அலகை அவர் எடுத்துக்கொள்ளலாம். அரையாண்டுக்குப் பின்வரும் திருப்புதல் காலம் எப்போதும்போல நடக்கும் என்ற உறுதி அவருக்கும் பெற்றோருக்கும் இருந்தால் போதும்.

படி 3: கால அட்டவணையில் இடம் ஒதுக்குங்கள்

நாளுக்கு எட்டுப் பாடவேளை என்றால் வாரத்துக்கு நாற்பது. இதில் ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் அனைவருக்கும் பொதுவாக ஓய்வுப் பாடவேளை ஒன்று அமையுமாறு கால அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு இறுதியில் இதைத் தேடினால் கிடைக்காது. முதலில் இந்தப் பாடவேளைகளைக் கட்டங்களில் எழுதிவிட்டு, பிறகு மற்றவற்றை நிரப்பும்படி அட்டவணை தயாரிப்பவரிடம் சொல்லுங்கள். சிங்கப்பூர் 2005இல் பாடச்சுமையைக் குறைத்துக் கற்றலை ஆழப்படுத்தும் கொள்கையைச் செயல்படுத்தியபோது, ஆசிரியர்கள் கூடித் திட்டமிட வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அட்டவணையிலேயே ஒதுக்க முற்பட்டது. நம்மால் இரண்டு மணி நேரம் தர முடியாது. நாற்பது நிமிடம் தர முடியும்.

அந்த நாற்பது நிமிடத்தைக் காப்பதுதான் சிக்கல். யாராவது விடுப்பு எடுத்த நாளில் அந்த ஓய்வு வேளைதான் முதலில் பறிபோகும். அதை மட்டும் தொடக்கூடாது என்ற விதியை எழுதிவையுங்கள். ஆள் கிடைக்காத நாளில் நீங்களே அந்த வகுப்புக்குச் செல்லுங்கள். இதைச் செய்யும் தலைமையாசிரியரை ஆசிரியர்கள் எளிதில் மறப்பதில்லை.

கற்பித்தல் சாராத பணிகளும் இங்கே கணக்கில் வர வேண்டும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் மேலாண்மை இணையதளத்தில் செய்யும் பதிவுகள், விலையில்லாப் பொருள்கள் வழங்கல், கல்வி உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரங்கள், மன்றப் பொறுப்புகள் என்று அடுக்கடுக்காக வருபவை பெரும்பாலும் சுறுசுறுப்பான ஆசிரியர்களிடமே குவிகின்றன, ஏனெனில் அவர்களிடம் கொடுத்தால் முடிந்துவிடும். புதிய முயற்சியில் இறங்குபவரும் அதே ஆசிரியராகத்தான் இருப்பார். ஆகவே முயற்சி நடக்கும் வாரங்களில் அவரிடமிருந்து ஒரு பொறுப்பையாவது எடுத்து வேறொருவரிடம் கொடுங்கள். அதற்கான காரணத்தை ஆசிரியர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் சலுகை என்று பேசப்படும்.

படி 4: முறையைத் தேடாமல் சிக்கலைத் தேடுங்கள்

எங்கோ பார்த்த ஒரு முறையைக் கொண்டுவந்து பொருத்துவதைவிட, வகுப்பில் உள்ள ஒரு சிக்கலிலிருந்து தொடங்குவது நிலைக்கும். எடுத்துக்காட்டாக, ஒன்பதாம் வகுப்பில் சமன்பாட்டைத் தந்தால் தீர்க்கும் மாணவர்கள், அதே கணக்கு உரைநடையில் வந்தால் வெறும் தாளை விட்டுவிடுகிறார்கள் என்று கணித ஆசிரியர் சொல்கிறார் என்க. கணக்கை வாசித்ததும் தீர்க்காமல், இருவர் இருவராக அமர்ந்து அதைத் தம் சொந்தப் பேச்சில் ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்ட வேண்டும், பிறகு பேருந்துக் கட்டணத்தையோ நியாயவிலைக் கடைப் பட்டியலையோ வைத்து ஒரு புதிய கணக்கை அவர்களே எழுத வேண்டும் என்று நான்கு வாரம் நடத்திப் பார்க்கலாம். இதற்குத் திரையோ இணையமோ வேண்டியதில்லை. தமிழ் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனெனில் இந்தச் சிக்கலின் பாதி வாசிப்பில் இருக்கிறது.

வெற்றி என்றால் என்ன என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். “மாணவர்கள் ஆர்வமாக இருந்தார்கள்” என்பது போதாது. உரைநடைக் கணக்கை முயலாமல் விடுபவர்களின் எண்ணிக்கை குறைந்ததா என்பது அளக்கக்கூடியது.

ஆணையின் வழியாகப் பரவும் முறைகளைப் பற்றி என் கருத்தை இங்கே சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தைத் தழுவித் தொடங்கிய, மாணவர்கள் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உயர் தொடக்க வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. இரண்டிலும் மதிப்புமிக்க கூறுகள் இருந்தன. ஆனால் அட்டைகளைத் தாமே வரைந்து தாமே திருத்திய ஆசிரியரிடம் இருந்த பற்று, அச்சிட்ட அட்டைகளைப் பெற்றுக்கொண்ட ஆசிரியரிடம் வருவது கடினம். தன்னுரிமை என்று டெசியும் ரையனும் சொன்னது இதைத்தான். உங்கள் பள்ளியிலும் ஒருவருடைய முயற்சி வென்றவுடன் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கும் ஆசை வரும். அதை அடக்குங்கள்.

படி 5: பதிவேடு இல்லாமல் வகுப்புக்குச் செல்லுங்கள்

பார்வைப் பதிவேட்டுடன் நுழைந்தால் ஆசிரியர் உங்களுக்காக நடத்துவார். மாணவர்களும் உங்களுக்காகவே அமர்ந்திருப்பார்கள். முன்பே சொல்லிவிட்டு, வெறுங்கையோடு சென்று, மாணவர்களில் ஒருவர் பக்கத்தில் அமருங்கள். ஆசிரியரைப் பார்ப்பதை விட்டு அந்த மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வகுப்பு முடிந்தபின் பேச்சை ஆசிரியரே தொடங்கட்டும். பிறகு, “டீச்சர், என் பக்கத்துல இருந்த பையன் கணக்கைச் சரியாத்தான் சொன்னான், எழுதும்போதுதான் தடுமாறுனான், கவனிச்சீங்களா?” என்பதுபோல் நீங்கள் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். மதிப்பீட்டுச் சொற்கள் எதுவும் தேவையில்லை. துல்லியமான ஒரு கவனிப்பு, தன்னால் முடியும் என்ற உணர்வைப் பொதுவான பாராட்டைக் காட்டிலும் அதிகம் வளர்க்கும்.

ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக உள்ள பாட ஆய்வு முறையை இதற்கு அடுத்த கட்டமாகக் கொள்ளலாம். சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த மற்றவர்கள் மாணவர்களைக் கவனிக்கிறார்கள். பிறகு திருத்தி, இன்னொரு பிரிவில் இன்னொருவர் நடத்துகிறார். பாடம் குழுவுடையதாகிவிடுவதால் குறை சொல்வது தனி மனிதரைத் தாக்குவதாக இருக்காது. நீங்களும் உங்கள் பாடத்தில் ஒரு வகுப்பை எடுத்து, மற்றவர்களைக் கவனிக்க அழைத்தால் தயக்கம் விரைவில் விலகும்.

தம்மைப் போன்ற ஒருவர் வெல்வதைப் பார்க்கும்போதுதான் மனிதருக்குத் தன் திறனில் நம்பிக்கை வளர்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கியிருக்கிறார். எனவே நகரத்து முன்மாதிரிப் பள்ளியின் காணொளியைக் காட்டுவதைவிட, பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் அறுபது மாணவர்களை வைத்துக்கொண்டு சமாளிக்கும் ஆசிரியரை ஒரு நாள் அழைத்து வருவது மேலானது.

படி 6: பரிசைவிட மதிப்பைத் தாருங்கள்

பணப் பரிசு ஆசிரியரைப் புதுமைக்குத் தூண்டுமா? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை நடந்த ஆய்வில், நடுநிலை வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை ஊக்கத்தொகை அறிவித்தும் மாணவர் மதிப்பெண்ணில் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. நியூயார்க்கில் பள்ளி அளவில் வழங்கிய ஊக்கத்தொகையும் பலனளிக்கவில்லை. மறுபுறம், ஆந்திரப் பிரதேசத்தின் ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் ஊக்கத்தொகை பெற்ற பள்ளிகளின் மாணவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். உழைப்பைக் கூட்டப் பணம் சில சூழல்களில் உதவலாம். புதிதாகச் சிந்திக்க வைக்கும் என்பதற்கு இவற்றில் சான்று இல்லை. எப்படியும் நம் தலைமையாசிரியரிடம் வழங்குவதற்குப் பணம் கிடையாது.

நல்லாசிரியர்களுக்கு மாநில அரசு வழங்கும் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது போன்றவை உயரியவைதாம். ஆனால் பள்ளிக்கு ஒருவர் பெறுவதையே பெரிதாக்கினால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒருவரை எழுப்பி நிறுத்திப் புகழ்வதும் சில நேரம் அவரைத் தனிமைப்படுத்தும். அவர் செய்ததை விளக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். பள்ளிக் கல்வித் துறையே வெளியிடும் ‘கனவு ஆசிரியர்’ இதழுக்கு எழுதத் தூண்டுங்கள். அவருடைய வகுப்பைக் காணப் பிற பள்ளி ஆசிரியர்கள் வருவது எந்தக் கேடயத்தையும்விடப் பெரிது.

விருப்பமில்லாதவரை இழுக்க வேண்டாம். ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே உள்ள ஆசிரியர்களை விட்டுவிடவும் வேண்டாம். எந்தப் பாடத்தில் மாணவர் எங்கே வழுக்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. திட்டத்தைக் காட்டி, “இதில் எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டால், எதிர்ப்பாளராக இருந்திருக்கக்கூடியவர் ஆலோசகராகிவிடுவார்.

படி 7: பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் முயற்சியின் நோக்கத்தை ஐந்து நிமிடம் விளக்கினால் போதும். நோட்டில் எழுத்துவேலை குறைந்திருப்பதைக் கண்டு பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. பொருள் வாங்க வேண்டியிருந்தால் பள்ளி மானியத்தில் இடமுண்டு. ஆனால் அது எந்த மாதம் வரும் என்று சொல்ல முடியாததால், மானியத்தை நம்பி முயற்சியைத் திட்டமிடக் கூடாது.

படி 8: முடிவெடுங்கள், கைவிடவும் தயங்காதீர்கள்

குறித்த வாரங்கள் முடிந்ததும் ஆறு மாணவர்களின் குறிப்பேடுகளை எடுத்து ஆசிரியரோடு பாருங்கள்: நன்றாகப் படிப்பவர் இருவர், நடுத்தரம் இருவர், மெல்லக் கற்போர் இருவர். அலகுத் தேர்வு மதிப்பெண் மறைத்துவிடும் பலவற்றை இந்தக் குறிப்பேடுகள் காட்டும். நன்றாகப் படிப்பவர்கள் மட்டும் பயனடைந்திருந்தால் முயற்சியைத் திருத்த வேண்டும். அதே நேரத்தில், இதைத் தொடர்ந்து செய்ய ஆசிரியருக்கு எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டது என்றும் கேளுங்கள். இரவெல்லாம் விழித்துத் தயாரித்தால்தான் நடக்கும் என்றால், அது அடுத்த ஆண்டு நடக்காது.

தொடரலாம், மாற்றலாம், விடலாம். விடுவதென முடிவெடுத்தால், என்ன தெரிந்துகொண்டோம் என்பதை அந்த ஒரு பக்க உடன்பாட்டின் பின்புறத்திலேயே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கைவிட்ட முயற்சிக்காக ஆசிரியர் எந்த இழப்பையும் சந்திக்கவில்லை என்பதைப் பள்ளி கண்ணால் பார்க்கும்போதுதான் இரண்டாம் படியில் நீங்கள் கொடுத்த உறுதிக்கு மதிப்பு வரும்.

படி 9: மாறுதலுக்கு முன் ஒப்படையுங்கள்

பொது மாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர் சொந்த மாவட்டத்துக்குச் செல்கிறார். அவரோடு முயற்சியும் சென்றுவிடுகிறது. நீங்களும் பதவி உயர்விலோ மாறுதலிலோ செல்லக்கூடும். எனவே ஒவ்வொரு முயற்சிக்கும் தொடக்கத்திலிருந்தே இரண்டாவது ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பயன்படுத்திய தாள்கள், மாணவர் எழுதிய கணக்குகள், நடத்திய வரிசை, தவிர்க்க வேண்டியவை ஆகியவற்றை நான்கு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, ஒரு கோப்பிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்து, பாட வாரியாக நூலக அலமாரியில் சேர்க்கச் செய்யுங்கள். ஆண்டுத் தேர்வு தொடங்கிவிட்டால் இதற்கு யாருக்கும் நேரமிருக்காது. ஆகவே பிப்ரவரிக்குள் முடிப்பது நல்லது. பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் மேசை, நாற்காலி, கணினிகளோடு இந்தக் கோப்புகளையும் ஒரு வரியாகச் சேர்த்து, புதிதாக வரும் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்குங்கள்.